கடைத் தாளிதம் அடுத்த நாளே புளிக்கிறது, எல்லாக் கறியும் ஒரே ருசி. உதவி தேவை

கல்லடி அடுப்படி:

வணக்கம் எல்லோருக்கும். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறோம். மத்தியானம் சோறு கறி, பின்னேரம் இடியப்பம், பிட்டு, கொத்து. அடுப்படியில் நானும் மனைவியும், காய்கறி வெட்ட ஒரு அக்காவும் மட்டும்தான். முன்பு நின்ற பொடியன் கட்டாருக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எங்கள் வியாபாரம் இன்னொரு சம்பளத்தைத் தாங்காது.

வெங்காயமும் உள்ளியும் உரிப்பது, வெட்டுவது, ஒவ்வொரு கறிக்கும் புறம்பாக வதக்குவது, இதிலேயே காலை முடிந்துவிடுகிறது. அதனால் ஒரே தாளிதமாக மொத்தமாகச் செய்து வைத்து, எல்லாக் கறிக்கும் எடுத்துப் போடத் தொடங்கினோம். பெரிய வெங்காயம், உள்ளி, இஞ்சி, தக்காளி, கறித்தூள், ரம்பை இலை, கறிவேப்பிலை, கடைசியில் கொஞ்சம் கட்டித் தேங்காய்ப்பால். இரவு இறக்கி, சூடு தணிந்ததும் அந்த அலுமினியச் சட்டியோடு மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். வீட்டு ஃபிரிட்ஜ்தான்.

வேலை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அடுத்த நாள் மத்தியானத்துக்குள் ஒரு புளிப்பு வாசம் வந்துவிடுகிறது. அதோடு கோழி, மீன், பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் ஒரே ருசி. வழக்கமாக வருகிற ஆசிரியர் ஒருவர், "தம்பி, எந்தக் கறியை எடுத்தாலும் ஒரு கறி சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அது மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. எல்லாவற்றிலும் சூப் கட்டி போட்டு ருசி ஏற்றவும் விருப்பமில்லை.

எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? ஹோட்டல் அடுப்படியில் நின்றவர்கள் சொல்லித் தாருங்கள்.

கல்முனைக் கோக்கி:

தம்பி, முதலில் தேங்காய்ப்பாலை வெளியே எடுங்கள். புளிப்புக்கு முதல் காரணம் அதுதான். எங்கள் வெக்கையில் பால் விட்ட எந்தக் குழம்பும் நிற்காது. பால் என்பது கறி இறக்குவதற்குக் கொஞ்சம் முன் விடுகிற சாமான், செய்து வைக்கிற சாமான் இல்லை.

அடுத்தது கறித்தூளை வெளியே எடுங்கள். ஒரே ருசிக்குக் காரணம் அது. கோழிக்கும் பருப்புக்கும் ஒரே தூள் ஒரே அளவில் ஏற்கனவே ஊறியிருந்தால் பிறகு நீங்கள் என்ன போட்டாலும் அதை மூடிவிடும். தக்காளியும் வேண்டாம், அதைத் தேவையான கறிக்கு அப்போது போடலாம். மிஞ்சுவது வெங்காயம், எண்ணெய், உப்பு. அது போதும்.

நான் செய்கிற விதம் இது. 5 கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக வெட்டி, அடி கனத்த தாச்சியில் அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட எண்ணெய் விட்டு, உப்பு 2 மேசைக்கரண்டி போட்டு மூடிவிடுங்கள். உப்பு தண்ணீரை இழுக்கும், வெங்காயம் தன் தண்ணீரிலேயே வேகும். அந்த நேரம் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, சோறு வடிக்கலாம். தண்ணீர் நிறைய வந்ததும் மூடியை எடுத்து நடு நெருப்பில் சுண்ட விடுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பாதியை அள்ளிப் புறம்பாக வையுங்கள். மிச்சப் பாதியைத் தேன் நிறம் தாண்டி நல்ல மண்ணிறம் வரும்வரை கிண்டுங்கள். ஒரே தாச்சி, ஒரே உரிப்பு, ஆனால் இரண்டு தாளிதம். வெள்ளையானது சொதிக்கும் பருப்புக்கும் பால்கறிக்கும் கொத்துக்கும். சிவந்தது கோழிக்கும் இறைச்சிக்கும் கத்தரிக்காய்க்கும். சிவந்த பாதி நன்றாகச் சுண்டி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும், அதனால் ஃபிரிட்ஜில் இடமும் பெரிதாகப் பிடிக்காது.

சீக்கிரம் சிவக்க வேண்டும் என்று சிலர் அப்பச்சோடா போடுவார்கள். நிறம் வரும், ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், ஒரு சவர்க்கார வாசமும் தட்டும். நான் போட விடமாட்டேன்.

வந்தாறுமூலை:

அண்ணா சொன்னது சரி. ஆனால் நீங்கள் ஆற வைக்கிற விதத்தை மாற்றாவிட்டால் பாலை எடுத்தாலும் பழுதாகும். நான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை செய்தவன். அங்கே எங்களை முதலில் பழக்கியது இதைத்தான்.

கிருமி வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில். சமைத்ததை 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணித்தியாலத்துக்குள் இறக்க வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணித்தியாலத்துக்குள். ஆழமான சட்டியை மூடி வைத்தால் வெளிப்பக்கம் குளிர்ந்து தெரியும், நடு விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூடு பக்கத்தில் உள்ள மீனையும் தயிரையும் சேர்த்துப் பழுதாக்கும்.

அகலமான ஸ்டீல் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அந்தத் தட்டை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். இடைக்கிடை கிளறுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு சின்னச் சின்ன டப்பாவில் அடைத்து, திகதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டப்பா. பெரிய சட்டியில் ஈரக் கரண்டி போட்டுப் போட்டு எடுப்பதும் பழுதாவதற்கு ஒரு காரணம்.

அலுமினியச் சட்டியில் தக்காளி, புளி சேர்ந்த எதையும் இரவு முழுக்க வைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும், நிறமும் ருசியும் கெடும்.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். வாசத்திலோ நிறத்திலோ தெரியாது. உள்ளி இஞ்சி விழுதை உப்பும் வினாகிரியும் சேர்த்து அரைத்து, ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு கறிக்கு இரண்டு கட்டி என்று எடுத்துப் போடலாம். வினாகிரி பட்டால் உள்ளி சிலவேளை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அது பழுதில்லை, பயப்பட வேண்டாம்.

கல்லடி அடுப்படி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரண்டு நிறம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. சின்ன வெங்காயம் போட்டால் ருசி கூடுமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

கல்முனைக் கோக்கி:

சின்ன வெங்காயம் ருசிதான், ஆனால் உரிக்கிற வேலைக்கு ஆள் எங்கே? தாளிதத்துக்குப் பெரிய வெங்காயம் போதும். சின்ன வெங்காயத்தைச் சம்பலுக்கும் கடைசித் தாளிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் அதன் வாசம் முன்னுக்கு நிற்கும்.

வந்தாறுமூலை:

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் 4 மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேலே போனால் மீன், பால், சமைத்த சாமான் எதையும் நம்ப வேண்டாம். நட்டமென்றாலும் கொட்டிவிடுங்கள்.

காத்தான்குடி ராத்தா:

தம்பி, நீங்கள் ஒருவரும் சீனிச்சம்பலைச் சொல்லவில்லையே! நான் வீட்டில் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். கை உதவி இல்லாத அடுப்படிக்கு இதைப்போல உதவுகிற சாமான் இல்லை.

வெங்காயம் ஏற்கனவே சிவக்கிற தாச்சியில் ஒரு பங்கை எடுத்து, இடித்த மாசிக் கருவாடு, துண்டு மிளகாய், புளிக்கரைசல், கறுவா, ஏலம், ரம்பை போட்டு எண்ணெய் பிரியும்வரை கிண்டி, கடைசியில் சீனி. தண்ணீர் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது, அதுதான் கை பக்குவம். புளியும் சீனியும் உப்பும் சேர்ந்திருப்பதால் மற்றக் கறிகளைவிட நன்றாக நிற்கும். ஆனாலும் விற்கிற சாமான் என்பதால் நான் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

காலையில் இடியப்பத்துக்கும் பாணுக்கும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். பின்னேரம் ரொட்டிக்குள் முட்டையோடு வைத்துச் சுற்றலாம். கொத்தில் ஒரு கரண்டி போட்டால் அந்த இனிப்பும் காரமும் தனியாகத் தெரியும். அவித்த கிழங்கோடு பிசைந்தால் கட்லட்டுக்கு உள்ளீடு. அவசரத்துக்குப் புளியாணத்தில் ஒரு கரண்டி கரைத்தாலும் குறை தெரியாது. ஒரு தரம் கிண்டினால் இத்தனை தட்டுக்குப் போகிறது.

மாசியை மட்டும் மலிவு பார்த்து வாங்காதீர்கள். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாகக் கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும்.

வந்தாறுமூலை:

ராத்தா சொன்ன மாசிக்கு ஒரு விளக்கம் உண்டு. மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, காய வைத்தது. ஜப்பான்காரர் சூப்புக்குப் போடும் கட்சுவோபுஷியும் அதே வகை மீனில் கிட்டத்தட்ட அதே முறையில் செய்வதுதான். 1908இல் இக்கேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசியிலிருந்து குளுட்டமேற்றைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா கட்சுவோபுஷியில் இனோசினேற்றைக் கண்டார். இந்த இரண்டும் சேரும்போது ருசி பல மடங்காகக் கூடும். தக்காளியில் முதலாவது இருக்கிறது, மாசியில் இரண்டாவது. தக்காளிக் குழம்பில் ஒரு சிட்டிகை மாசித்தூள் போட்டதும் கறி எழும்பி நிற்பது அதனால்தான். சூப் கட்டி தேவையே இல்லை.

வாழைச்சேனை மீன்காரன்:

இறால் தலையை எறிகிறீர்களா? அதுதான் எனக்கு முதல் கேள்வி. வாவி இறால் என்றாலும் கடல் இறால் என்றாலும் தலையிலும் கோதிலும்தான் ருசி.

கழுவி, கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, மூழ்கத் தண்ணீர் விட்டு, ரம்பையும் இரண்டு மிளகும் போட்டு 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கைப்புத் தட்டும். வடித்து எடுத்தால் செம்பொன் நிறத்தில் ஒரு சாறு. சொதிக்குத் தண்ணீருக்குப் பதிலாக இதை விடுங்கள். கணவாய்க் கறிக்கு, மீன் குழம்புக்கு, கொத்துக்கு ஊற்றும் குழம்புக்கு, பொரித்த சோற்றுக்கு, எல்லாவற்றுக்கும் போகும். செலவு நெருப்பு மட்டும்தான்.

தலை சீக்கிரம் பழுதாகும். வாங்கின அன்றே வறுக்க முடியாவிட்டால் கழுவி உடனே உறைய வைத்துவிடுங்கள்.

திருக்கோவில்:

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள். சாப்பிடுகிற ஆளாக நான் ஒன்று சொல்ல வேண்டும். மரக்கறிக்குள் மாசியையும் இறால் சாற்றையும் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, மாமாங்கத் திருவிழா என்று வருகிறவர்கள் உங்களை நம்பித்தான் பருப்புக்கறியை வாங்குகிறார்கள். அதற்குள் மாசித்தூளோ இறால் சாறோ இருந்தால் அது நம்பிக்கையைக் கெடுக்கிற வேலை. இறால் ஒத்துக்கொள்ளாத ஆட்களும் உண்டு, சிலருக்கு மூச்சே அடைக்கும். சைவத்துக்குத் தனி டப்பா, தனி அகப்பை, டப்பாவில் நிறப் பட்டி ஒட்டுங்கள்.

மரக்கறிக்கு ருசி வேண்டுமென்றால் எங்கள் அம்மா செய்கிற வழி இருக்கிறது. ஒரு தேங்காயைத் துருவி எடுத்த பூவோடு இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி சேர்த்து, மெல்லிய நெருப்பில் கருமண்ணிறம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் பெருஞ்சீரகம் சேர்த்து, தண்ணீர் விடாமல் அரைத்து வையுங்கள். பலாக்காய், கத்தரிக்காய், கருணைக்கிழங்கு எதற்கும் ஒரு கரண்டி போதும். குழம்பு தடிக்கும், வறுத்த வாசமும் வரும். கோழிக்கும் போடலாம். காற்றுப் போகாத போத்தலில் ஃபிரிட்ஜில் ஒரு கிழமை வைக்கலாம், காறல் வாசம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

அறுகம்பே கிச்சன்:

செய்து வைக்கக் கூடாததையும் கேட்டிருந்தீர்கள். தேங்காய்ச் சம்பல், வெட்டின பச்சைமிளகாய், பிழிந்த தேசிக்காய்ப்புளி, கட்டிப்பால், கடைசித் தாளிப்பு. இந்த ஐந்தையும் அப்போது அப்போது செய்யுங்கள்.

கடைசித் தாளிப்புக்கு இரண்டு நிமிடம்தான். பருப்புக்குக் கடுகும் செத்தல் மிளகாயும், மீனுக்கு வெந்தயமும் கறிவேப்பிலையும், கோழிக்குக் கறுவாவும் ஏலமும் ரம்பையும். அடியில் ஒரே வெங்காயம் இருந்தாலும் மேலே இது மாறும்போது உங்கள் ஆசிரியருக்கு நான்கு கறியும் நான்கு கறியாகத் தெரியும்.

கல்லடி அடுப்படி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நிற வெங்காயம், உள்ளி இஞ்சிக் கட்டி, சீனிச்சம்பல், இறால் சாறு, வறுத்த தேங்காய்ப்பூ என்று ஐந்து சாமானாக வைத்துக்கொண்டோம். இன்று மத்தியானம் பருப்பும் கோழியும் இந்த முறையில் போனது. புளிப்பு வாசம் இல்லை, ருசியும் வேறு வேறாக இருந்தது. மனைவிக்குத்தான் பெரிய ஆறுதல், பத்தரை மணிக்கே அடுப்படி ஓய்ந்துவிட்டது. சைவ டப்பாவுக்குப் பச்சைப் பட்டி ஒட்டியாகிவிட்டது, திருக்கோவில் அண்ணாவுக்குத் தனியாக நன்றி.

ஒன்று மட்டும் மிச்சம். பழைய டீப் ஃபிரீசர் ஒன்று விலைக்கு வருகிறது. வெங்காயத்தை உறைய வைத்தால் ருசி குறையுமா?

கல்முனைக் கோக்கி:

வதக்கின வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகாது, பச்சை வெங்காயம்தான் தண்ணீராகிவிடும். அரைக் கிலோ பைகளில் போட்டுத் தட்டையாக அமர்த்தி அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், காலையில் உடைத்து நேரே தாச்சியில் போடலாம். வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஓட விட்டு, உள்ளே வெப்பமானி வைத்து, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.