படிப்பு நிதி: எந்த மாதம், எதற்கு, யார் கணக்குக்கு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சென்னையில் சேரப்போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். தொகையை அப்புறம் பேசலாம். எந்த மாதம், எதற்கு, யார் கணக்குக்கு என்ற மூன்றும் சரியாக இருந்தால் 20,000 ரூபாய்கூட ஒரு பிள்ளையைக் கரையேற்றும். அது தப்பினால் லட்சமும் வீண்.

முதலில், அரசு கொடுப்பதை நாம் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் வாங்கிய பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பொறியியல் படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. இதற்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் வீடுகளும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் விழுந்துவிடுகிற பிள்ளை ஒன்று உண்டு. மெட்ரிக் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்கவைத்திருப்பார்கள், அதனால் 7.5 கிடையாது. அண்ணன் பட்டதாரி, ஆகவே வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கிடையாது. அப்பா மளிகைக் கடையில் வேலை. நம் பணம் முதலில் தேட வேண்டியது இந்தப் பிள்ளையை. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, சான்றிதழை எடுத்துக்கொண்டு அலைவதில் பயனில்லை. சேர்க்கைக்கு முன்னாலேயே யாராவது இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது, இருக்கிற உதவித்தொகை கைக்கு வராமல் போவது. "ஆதார் இணைச்சாச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று குறித்துவைக்கும் என்பிசிஐ (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பதிவில் அந்தக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் ஏற்றினார்களோ அங்கேதான் அரசுப் பணம் போகும். பள்ளியில் திறந்த ஒரு கணக்கு, கல்லூரியில் திறந்த இன்னொரு கணக்கு என்று இருந்து, புதியதை அந்தப் பதிவில் ஏற்றாமல் விட்டால் பணம் பழைய கணக்குக்குப் போய்க் கிடக்கும். அது முடங்கியிருந்தால் திரும்பிப் போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை பார்க்க ஐந்து நிமிடம் போதும். நிதி கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

உதவித்தொகை வந்தாலும் தாமதமாகத்தான் வரும். கல்லூரி கேட்கிற தேதி காத்திருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் நம் நிதி. ஜூன், ஜூலையில் விடுதி முன்பணம், மெஸ் முன்பணம், காப்புத் தொகை எல்லாம் ஒரே வாரத்தில் கேட்பார்கள். செமஸ்டர் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் தேர்வுக் கட்டணம். தேதி தாண்டினால் அபராதம். அரியர் வைத்த பிள்ளைக்கு அந்தத் தாள்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், வீட்டில் அதைச் சொல்லத் தயங்கும். பணமில்லாமல் ராத்திரி டெலிவரி வேலைக்குப் போய், காலை வகுப்பை விட்டு, 75 சதவீத வருகை குறைந்து, தேர்வே எழுத முடியாமல் போவது இப்படித்தான். அக்டோபரில் 5,000 ரூபாய் கிடைத்திருந்தால் தப்பியிருக்கும். ஆகவே மொத்த நிதியை ஜூனில் கொட்டிவிடாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வையுங்கள்.

மெஸ் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. பல விடுதிகளில் டிவைடிங் முறை: மாதச் செலவைச் சாப்பிட்ட நாள்களால் வகுத்துத் தலைக்குப் போடுவார்கள். ஊருக்குப் போகும் பிள்ளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாள்கள் கழியும். எழுதிக் கொடுக்காமல் பொங்கலுக்கு வந்துவிட்டு, முழு பில்லையும் நமக்கு அனுப்பிவைப்பது வழக்கம். பில்லில் நாள் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே கட்டுங்கள். ஸ்டேட் வங்கியின் இணையக் கட்டணத் தளமான எஸ்பிஐ கலெக்டில் கட்டும்போது கல்லூரிப் பெயருக்கு அடுத்து வரும் பிரிவில்தான் தவறு நடக்கும். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வு ஒவ்வொன்றும் தனிப் பிரிவு. மெஸ்ஸுக்குப் போக வேண்டியது கல்விக் கட்டணத்தில் விழுந்தால் திரும்பப் பெற மனு, கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். பதிவு எண்ணைப் பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து அடியுங்கள். கணக்கில் பணம் கழிந்து ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். முதலில் அதே பக்கத்தில் பேமென்ட் ஹிஸ்டரியைப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு தடவை போய்விடும்.

இனி வெளிநாட்டுப் பணம். இதில் சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, கனடிய, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டவர்தான். சென்னை வங்கியில் கிடக்கும் ரூபாயிலிருந்து கொடுத்தாலும் அப்படித்தான். நம் சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. அதற்கு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும், டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். "தெரிந்த அறக்கட்டளை வாங்கி நமக்குத் தரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்ற முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்பர்கள், எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அறக்கட்டளையோ கல்லூரியோ தானே மாணவருக்கு உதவித்தொகை வழங்கினால் அதற்கு நேராகக் கொடுப்பதே ஒழுங்கு.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அனுப்பும்போது வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டில், அறநிறுவன நன்கொடைக்கான பி1303 என்று போடுங்கள். குடும்பச் செலவு என்று போட்டால் தணிக்கையில் விளக்கம் கேட்பார்கள். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிவிலக்கு கேட்பவர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது, பான் எண் வேண்டும், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது.

வைப்பு நிதி போடலாம் என்ற யோசனைக்கு என் கணக்கு இது. 5 லட்சம் 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 35,000 தரும். பத்து ஆண்டு கழித்தும் அதே 35,000தான். மெஸ் பில் அப்படியே நிற்காது. வரிவிலக்கு வேண்டுமானால் அறக்கட்டளை வருமானத்தில் பொதுவாக 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும், மீதி 15 சதவீதம், அதாவது 5,250 ரூபாயை, ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கலாம். அதோடு கையெழுத்துப் போடும் இருவருக்குப் பின் யார் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார். வழக்கெல்லாம் தீர்ந்து அந்தப் பணத்தில் பள்ளி திறந்தது 1842இல்.

மேடையில் அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பது வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. விடுதி அறையில் அந்தப் படம் சுற்றும்.

இந்த ஆண்டுப் பிள்ளைகளைப் பரிந்துரைப்பவர்கள் கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் கட்டண விவரத் தாள், வருமானச் சான்று, ஆதார்–வங்கி இணைப்பு ஸ்கிரீன்ஷாட் நான்கையும் பொருளாளருக்குத் தனி மடலில் அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள்.