சூமி முதல் ருமேனிய எல்லை வரை: ஊர் காத்தவர்களைக் கண்ட அனுபவங்கள்

சூமியில் படித்தவர் எழுதுகிறார்:

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரியில் நான் சூமி நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ரஷ்ய எல்லை 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்ததால் முதல் நாளே சண்டை நகரின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இந்திய மாணவர்கள் வெளியேற மார்ச் 8ஆம் தேதிதான் வழி கிடைத்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோய்ப் பனியை உருக்கிக் குடித்ததெல்லாம் செய்திகளில் வந்ததுதான். எனவே பொல்தாவா நகரை நோக்கிய பேருந்துப் பயணத்தில், ஊருக்கு ஊர் காவல் நின்ற தன்னார்வலர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேர்ச்சாலைப் பக்கம் இருந்த ட்ரோஸ்த்யனெத்ஸ் நகரம் அப்போது ரஷ்யப் படையின் பிடியில் இருந்தது. ஆகவே எங்கள் பேருந்துகள் மேற்கே சுற்றிச் சிற்றூர்களின் ஊடே சென்றன. ஊர் எல்லைகளில் மணல்மூட்டைகள், டிராக்டர் டயர்கள், வெட்டிச் சாய்த்த மரங்கள், இரும்புத் துண்டுகளைக் குறுக்காகப் பற்றவைத்த டாங்கித் தடைகள் ஆகியவற்றைப் போட்டு, ஒரு வண்டி மட்டும் வளைந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். காவலில் நின்றவர்களில் சீருடை அணிந்தோர் குறைவு. ரப்பர் காலணியும் பழைய குளிர்ச்சட்டையும் அணிந்து, கையில் மஞ்சள் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு, தோளில் வேட்டைத் துப்பாக்கியுடன் நின்றவர்களே மிகுதி.

இவர்கள் அனைவரும் சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி எடுத்தவர்கள் என்று பின்னாளில் சிலர் என்னிடம் வாதிட்டதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உக்ரைனின் தேசிய எதிர்ப்புச் சட்டம் (படையெடுப்பை மக்கள் எதிர்ப்பது பற்றியது), உள்ளூர்த் தன்னார்வக் குழுக்கள் அமைக்கவும், அவற்றில் சேர்ந்தோர் தம் சொந்த வேட்டைத் துப்பாக்கியைப் பயன்படுத்தவும் இடமளித்திருந்தது. போர் தொடங்கியபோது சட்டம் வந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. பயிற்சி எந்த அளவுக்கு நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மஞ்சள் நாடாவுக்கும் காரணம் உண்டு. பொறுப்பான தலைமையின் கீழ் இயங்குவது, தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அணிவது, ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துவது, போர் விதிகளுக்குக் கட்டுப்படுவது ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றும் தன்னார்வலர் பிடிபட்டால், அவரைப் போர்க்கைதியாக நடத்த வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது.

ஓர் ஊரில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் பேருந்தில் ஏறினார். வலக்கைக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, என் கைப்பேசியை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முந்தைய ஊரின் மணல்மூட்டைகளை நான் எடுத்திருந்த படம் வந்ததும் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கீழே இறங்கி, பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே யாரையோ அழைத்துப் பேசினார். அடுத்த தடுப்பில் இருந்தவர்கள் எங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

அந்த வேட்டைத் துப்பாக்கி ஒரு டாங்கியை நிறுத்தியிருக்காது. சாமானியர்கள் படையை விரட்டினார்கள் என்ற வீரக்கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. மார்ச் தொடக்கத்தில் வொஸ்னெசென்ஸ்க் என்னும் சிறுநகரில் உள்ளூர் மக்கள் சாலைகளை அடைத்ததும், பகைவர் நடமாட்டத்தைத் தகவலாகத் தந்ததும் உண்மை. ஆனால் அங்கே முறையான படைப்பிரிவு இருந்தது, ஆற்றுப் பாலத்தைத் தகர்த்ததும் படையினரே. தன்னார்வலர்களின் பலம் வேறிடத்தில் இருந்தது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வயல்பாதை சேற்றில் முடியும், எந்த வண்டி அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரரைச் சந்தேகிப்பதே அவர்களுடைய முதல் வேலை. அன்று அந்தச் சந்தேகம் எங்கள்மீது விழுந்தது என்பதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உக்ரைனின் வின்னித்சியா நகரில் படித்த மற்றொருவர் எழுதுகிறார்:

மேலே எழுதியவருக்கு வாய்த்தவர்கள் பொறுமைசாலிகள். நாங்கள் பிப்ரவரி இறுதியில் ருமேனிய எல்லைக்குப் புறப்பட்டோம். பகைவருக்கு வழி தெரியக் கூடாது என்று நாட்டின் சாலைத்துறையே வழிகாட்டிப் பலகைகளை அகற்றச் சொல்லியிருந்ததால், வெளியூரைச் சேர்ந்த எங்கள் ஓட்டுநரும் வழி தவறிவிட்டார். ஊரடங்கு தொடங்கிய பிறகு ஒரு கிராமத் தடுப்பில் போய் நின்றோம். அங்கிருந்த இளைஞர்கள் கத்தினார்கள். எல்லோரையும் பனியில் இறக்கிக் கைகளை உயர்த்தச் சொன்னார்கள். ஒருவனுடைய துப்பாக்கி முனை நடுங்கிக்கொண்டிருந்ததுதான் எனக்கு அதிக அச்சம் தந்தது. பழக்கமில்லாதவன் விரல் எப்போது அழுந்தும் என்று யாரால் சொல்ல முடியும்?

இரவு முழுவதும் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் எங்களை வைத்துப் பூட்டினார்கள். விடிந்ததும் ஊர்த்தலைவியான அம்மையார் வந்து, கடவுச்சீட்டுகளைப் பெயர்ப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் முதன்மைச் சாலை வரை வழிகாட்ட, முந்தைய இரவு கத்தியவர்களில் ஒருவரையே எங்கள் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார வைத்து அனுப்பினார். வழியிலிருந்த மூன்று தடுப்புகளிலும் அவர் கண்ணாடியை இறக்கிப் பெயர் சொல்லி அழைத்ததும் டயர்களை உருட்டி வழி விட்டார்கள்.