'ஆற்றல்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

(ஒரு குழு உரையாடல். பேசுகிறவர்களுக்கு அவரவர் ஊரே பெயர்.)

தங்கச்சிமடம்: சனிக்கிழமை மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு, இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பற்றிப் பாடம் எடுக்கிறேன். லத்தீனில் 'ஆக்டுஸ்', 'பொட்டென்சியா' என்று ஒரு இரட்டை. ஒரு பொருள் இப்போது எதுவாக இருக்கிறது என்பது முதலாவது. இனி எதுவாக ஆகக்கூடும் என்பது மற்றது. 'செயல், ஆற்றல்' என்று எழுதி வைத்திருந்தேன். பத்தாவது படிக்கிற மகள் பார்த்துவிட்டு, "ஆற்றலா? அதை ஜூலில்தானே அளப்பார்கள்" என்கிறாள். வெள்ளிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தொண்டி: ஆனநிலை, ஆகுநிலை. முடிந்தது. பனங்கொட்டையும் கூழாங்கல்லும் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் இப்போது பனை இல்லை. ஆனால் பனையாகும் ஆகுநிலை கொட்டைக்கு உண்டு, கல்லுக்குக் கிடையாது.

தேவிபட்டினம்: அண்ணே, 'ஆகுநிலை' வினைத்தொகை. ஆகிய நிலை, ஆகின்ற நிலை, ஆகும் நிலை மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. எதைப் பிரிக்கக் கேட்டார்களோ அதையே சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

தொண்டி: ஊறுகாய் வாங்குகிறவர் காலம் பார்த்தா வாங்குகிறார், டீச்சர்?

தேவிபட்டினம்: ஊறியதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

கீழக்கரை: ஒரு வார்த்தை. அரபியில் எழுதிய தத்துவஞானி இப்னு சீனா (980–1037) இதே இரட்டையைக் 'குவ்வத்து, ஃபிஃல்' என்றார். லத்தீன் பெயர்ப்பில் அவரைப் படித்தவர் அக்குவினாஸ் (1225–1274). குவ்வத்து என்றாலும் வலிமை, ஆற்றல்தான். ஜூல் பிறப்பதற்கு முன்பே இருக்கிற தலைவலி இது. 'உள்ளாற்றல்' என்று வையுங்கள், கேட்டதும் புரியும்.

ராமேஸ்வரம்: புரியும், ஆனால் தப்பாகப் புரியும், காக்கா. 'உள்' என்றதும் எங்கள் சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதம் வந்து உட்காரும்: குடம் மண்ணுக்குள் சூக்குமமாக ஏற்கெனவே இருக்கிறது. அக்குவினாஸ் அப்படிச் சொல்லவில்லை. விறகுக்குள் சூடு ஒளிந்திருக்கவில்லை. சூடாகும் தகுதி இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே சூடாக உள்ள நெருப்பு வந்துதான் அதைச் சூடாக்க வேண்டும். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவர் சொல்லும் முதல் வழியே இதன்மேல்தான் நிற்கிறது. என் ஓட்டு 'தகுநிலை'.

தேவிபட்டினம்: அதுவும் வினைத்தொகை!

தொண்டி: டீச்சருக்கு 'நிலை' என்று முடிந்தாலே ஆகாது போலிருக்கிறது. கை தூக்குங்கள். ஆகுநிலைக்கு ஆறு, உள்ளாற்றலுக்கு மூன்று. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.

தங்கச்சிமடம் (சனி இரவு): 'ஆகுநிலை'யே அச்சாகிவிட்டது, நேரமில்லை. வகுப்பில் முளைவிட்ட பனங்கொட்டை ஒன்றை அரிவாளால் பிளந்து காட்டினேன். பாடம் புரிந்ததோ என்னவோ, உள்ளே இருந்த தவுனைப் பங்குபோட்டுத் தின்றுவிட்டார்கள்.

தேவிபட்டினம்: தின்றது ஆகிய நிலையையா, ஆகும் நிலையையா? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.