சின்ன ஊர் ஒற்றைத் திரை தியேட்டர்: கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் உண்மையிலேயே திரும்பியதா?

கேள்வி: டெல்டா பையன், 2022 டிசம்பர்

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊர். தாத்தா கட்டிய ஒற்றைத் திரை தியேட்டரை இப்போது அப்பா நடத்துகிறார். 580 இருக்கை. இடத்தைக் கல்யாண மண்டபத்துக்குக் கேட்டு ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். "விக்ரம், பொன்னியின் செல்வன் எல்லாம் ஓடிவிட்டதே, இனிமேல் கவலை இல்லை" என்கிறார் அப்பா. அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த காட்சிகளை நான் பார்த்தேன். எல்லோரும் ஓடிடியைத்தான் குறை சொல்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் யாராவது உண்மை நிலவரம் சொல்லுங்களேன். மார்ச்சுக்குள் முடிவு எடுக்க வேண்டும்.

பதில்: பழைய மேனேஜர்

தம்பி, நான் 27 வருடம் ஒற்றைத் திரை தியேட்டரில் மேனேஜர். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எங்களுடையது 640 இருக்கை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 17ஆம் தேதி கதவைப் பூட்டினோம். இரண்டு வாரம் என்றார்கள், எட்டு மாதம் ஆனது. ஈரம் ஏறிவிடக் கூடாது என்று மூன்று நாளைக்கு ஒரு தடவை நானும் ஆபரேட்டரும் போய் மெஷினை அரை மணி நேரம் ஓடவிடுவோம். காலி ஹாலில் படம் ஓடும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம். எலி ஸ்பீக்கர் ஒயரைக் கடித்தது, சீட்டு பஞ்சைப் பிய்த்துப் போட்டது. டிக்கெட் கிழிக்கும் பையன் தள்ளுவண்டியில் காய்கறி விற்கப் போனான். அவன் திரும்பி வரவே இல்லை.

நவம்பர் 10 அன்று பாதி இருக்கையோடு திறக்கச் சொன்னார்கள். புதுப் படம் கிடையாது. பழைய படத்தைப் போட்டால் முதல் காட்சிக்கு 11 பேர் வந்தார்கள். இரண்டு நாள் கழித்து சூரரைப் போற்று நேரடியாக வீட்டுக்கே வந்தது. தியேட்டரில் வந்திருக்க வேண்டிய படம் என்று எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் எட்டு மாதம் பூட்டிக் கிடந்த எங்களை நம்பி வட்டி கட்டிக்கொண்டே காத்திருங்கள் என்று ஒரு தயாரிப்பாளரிடம் எப்படிச் சொல்வது? அதனால் நேரடியாகப் போன படங்களைப் பற்றி நான் சண்டை போடுவதில்லை.

என் சண்டை வேறு. 2021 ஜனவரி 13 அன்று மாஸ்டர் வந்தது. முழு இருக்கைக்கு மாநில அரசு கொடுத்த அனுமதியை, மத்திய அரசு ஆட்சேபித்ததால் நாலே நாளில் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஒன்று விட்டு ஒரு சீட்டில் கயிறு கட்டி 320 பேரை உட்கார வைத்தோம். பத்து மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு பெண்கள் உள்ளே வந்ததைப் பார்த்து எங்கள் ஆபரேட்டர் அழுதார். நானும் அழுதேன். முழு இருக்கை இல்லாததால் இந்தப் படம் ஐந்து வாரம் போகும் என்று கணக்குப் போட்டேன். ஜனவரி 29 அன்று ஓடிடியில் வந்துவிட்டது. பதினாறே நாள்.

இதில் என்ன நஷ்டம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் தியேட்டரில் பெரிய படம் என்றால் முதல் வாரம் வரி போக வரும் 100 ரூபாயில் 70 விநியோகஸ்தருக்கு. இரண்டாம் வாரம் 60, மூன்றாம் வாரத்திலிருந்து பாதிப் பாதி. ஆக, முதல் வாரம் கூட்டம் அலைமோதினாலும் எங்கள் பங்கு குறைவு. தியேட்டர்காரன் நாலு காசு பார்ப்பது மூன்றாம், நான்காம் வாரத்தில்தான். அறுப்பு முடிந்து கையில் கூலி வந்த பிறகு வருகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து வருகிற குடும்பங்கள், இரண்டாவது தடவை பார்க்க வருகிறவர்கள், இவர்கள்தான் அந்த வாரங்களின் ஆட்கள். இப்போது அவர்கள் "அடுத்த மாதம் போனிலேயே வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டாக்டர் படம் 2021 அக்டோபர் 9 அன்று வந்தது. பாதி இருக்கையிலேயே அவ்வளவு கூட்டம், எங்கள் வயிற்றில் பால் வார்த்த படம். நவம்பர் 5 அன்று அதுவும் ஓடிடியில். இந்த வருடம் விக்ரம் தியேட்டரில் ஜூன் 3, ஓடிடியில் ஜூலை 8. அந்த ஐந்து வாரமும் எங்களுக்கு நன்றாகவே இருந்தது.

உங்கள் அப்பா சொல்வதில் தப்பில்லை, பெரிய படத்துக்குக் கூட்டம் வருகிறது. ஏப்ரலில் கேஜிஎஃப் 2 டப்பிங் படத்துக்கு எங்கள் ஊரில் நின்ற வரிசையை நானே எதிர்பார்க்கவில்லை. திரும்பாதது சின்னப் படத்துக்கான கூட்டம். முன்பெல்லாம் பேர் தெரியாத படத்துக்கும் மேட்னிக்கு 50 பேர் வருவார்கள், கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் அது ஆகிவிடும். இப்போது நாலு பேர் வந்தால் காட்சியையே ரத்து செய்கிறேன்.

பதில்: விநியோக ஆபீஸ்

நான் மதுரையில் ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மேனேஜர் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஓடிடி உரிமைப் பணம் இல்லாவிட்டால் 2021இல் வந்த பல படங்கள் வெளியே வந்தே இருக்காது. கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 9 அன்று வெளியானது. மறுநாளே பாதி இருக்கை, 26ஆம் தேதி எல்லாத் தியேட்டரும் மூடல், ஆகஸ்ட் 23 வரைக்கும் திறக்கவில்லை. அப்படியொரு நிலையில் ஐந்து வாரத்தில் ஓடிடிக்கு வந்ததில் யாரைக் குறை சொல்வது? இன்னொன்று, பணம் போடுகிறவர்கள் இப்போது முதலில் கேட்பதே ஓடிடி விலை என்ன என்றுதான். மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடாவிட்டாலும் திரும்பக் கேட்க முடியாத தொகை, கொடுத்துப் படத்தை வாங்கித் திரையிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலும் அட்வான்ஸ்தான், படம் ஓடாவிட்டால் தியேட்டர்காரருக்கு நாங்கள் அதைத் திருப்பித் தர வேண்டும். அந்த வகையில் உங்கள் அப்பாவுக்கு ஆபத்து முன்னைவிடக் குறைவு, தம்பி. விற்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

பதில்: கும்பகோணம் அக்கா

நான் தொழிலில் இல்லை, டிக்கெட் வாங்குகிறவள். ஜெய் பீம், சார்பட்டா பரம்பரை இரண்டையும் வீட்டு டிவியில்தான் பார்த்தோம், குறையாகத் தெரியவில்லை. பொன்னியின் செல்வனுக்கு மட்டும் 78 வயது அம்மாவைக் கைத்தாங்கலாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். கதையைத் தொடர்கதையாக வந்தபோதே படித்தவர் அவர். குந்தவை வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இடைவேளையில் அம்மாவை அழைத்துப் போன கழிப்பறையில் தண்ணீர் இல்லை, படி வழுக்கியது. அதற்குப் பிறகு எத்தனை நல்ல படம் வந்தாலும் அம்மா வரமாட்டேன் என்கிறார். ஐந்து பேர் போனால் டிக்கெட், ஆட்டோ, தின்பண்டம் என்று ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. அந்தப் பணத்துக்குச் சுத்தமான கழிப்பறையாவது வேண்டும் தம்பி. ஓடிடியைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் நின்றுபோனது இதனால்தான்.

பதில்: பழைய மேனேஜர்

அக்கா சொன்னது சுருக்கென்று பட்டது. நாங்களும் மூடியிருந்த எட்டு மாதத்தில் மெஷினைத்தான் காப்பாற்றினோம், கழிப்பறையைத் தொடவில்லை. 2021இல் இரண்டாம் தடவை மூடியபோதுதான் முதலாளியிடம் பேசிப் பெண்கள் பக்கம் புதுக் குழாய், டைல்ஸ், கைப்பிடி போட்டோம். ஞாயிறு மேட்னிக்குக் குடும்பங்கள் வருவது அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரிந்து கூடியது.

தம்பி, நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவிடம் 2019, 2022 இரண்டு வருடத்து டிசிஆர் நோட்டையும், அதாவது தினசரி வசூல் கணக்கு நோட்டையும், வாங்குங்கள். முதல் மூன்று நாள் வசூலைப் பார்க்காதீர்கள், அது எல்லோரையும் ஏமாற்றும். பத்தாம் நாளுக்கு மேல் வந்த பணத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். 2019இல் வந்ததில் பாதியாவது 2022இல் வந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

டெல்டா பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவும் நானும் நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்தாம் நாளுக்கு மேல் 2019இல் வந்ததில் நூற்றுக்கு 42தான் 2022இல் வந்திருக்கிறது. மேனேஜர் அண்ணன் சொன்ன பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கழிப்பறை வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு வா" என்றார். மண்டபக்காரரிடம் ஜூன் வரை அவகாசம் கேட்டிருக்கிறோம். அண்ணே, உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்த கொத்தனார் இங்கே வருவாரா?

பதில்: பழைய மேனேஜர்

வருவார். பொங்கல் முடியட்டும், நானே கூட்டி வருகிறேன்.