கோஸ்டிங்: நிழலுருவா, எச்சவுருவா?

அன்புள்ள குழுவினருக்கு,

கலர் லேசர் பிரிண்டர் சொற்பட்டியலில் ‘கோஸ்டிங்’ என்பதற்கு ‘நிழலுரு’ என்று போட்டிருக்கிறோம். மாற்றியே ஆக வேண்டும். நிழல் என்றதும் எழுத்தை ஒட்டித் தெரியும் நிறக்கரைதான் நினைவுக்கு வரும். அச்சகத்தார் ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்பார்களே, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத கோளாறு, அது. மெனுவில் கேலிபரேஷன் (நிறங்களைச் சீராக்கும் ஏற்பாடு) ஓட்டினால் பெரும்பாலும் தீரும். கோஸ்டிங் அதற்கு அசையாது.

கோஸ்டிங்கில், தாளின் மேற்பகுதியில் அச்சான தலைப்பு, சில சென்டிமீட்டர் கீழே வெளிர்ச் சாம்பல் பரப்பில் மங்கலாக மறுபடி தெரியும். சுழலும் உருளை ஒன்று, ஏற்ற உருவை முழுதாக இறக்கிவைக்காமல் மிச்சத்தை அடுத்த சுற்றில் தாளில் விடுகிறது. ஒளியால் உரு பதியும் டிரம்மில் எஞ்சுவது மின்னேற்றம்; டோனர் என்னும் மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரில் எஞ்சுவது உருகிய டோனர். ஆகவே ‘எச்சவுரு’ என்கிறேன்.

---

> ஆகவே ‘எச்சவுரு’ என்கிறேன்.

ஐயா, டிரம்முக்கு டோனர் ஊட்டும் டெவலப்பர் ரோலரில் நடப்பது நேர்மாறு. அடர்ந்த பட்டை ஒன்று அச்சானதும் ரோலரில் அந்த இடத்து டோனர் தீர்ந்துபோகிறது. அடுத்த சுற்றுக்குள் நிரம்பாவிட்டால் அதே வடிவம் வெளுத்து விழும். அங்கே எஞ்சியது எது? ‘மீளுரு’ என்றால் மூன்றுக்கும் பொருந்தும். மீண்ட உரு, மீள்கிற உரு, மீளும் உரு என்று வினைத்தொகையாகவும் அழகாக நிற்கிறது.

---

வெளுத்த உருவைச் சுட்டியது மிகச் சரி. ஆனால் ‘மீளுரு’வில் ஒரு சிக்கல். டிரம்மில் கீறல் விழுந்தால் ஒரே புள்ளி ஒவ்வொரு சுற்றுக்கும் மீள்கிறது. வெற்றுத்தாளை ஓட்டினாலும் வரும். அது கோஸ்டிங் அல்ல, அதற்கு ‘மீள்குறி’ என்று தனிச்சொல் வேண்டும். கோஸ்டிங் முன்பு அச்சானதைப் பொறுத்தது. டோனர் தீர்ந்த இடமும் முந்தைய அச்சு விட்டுப்போன தடம்தானே? அந்தப் பொருளில் எச்சம் பொருந்துகிறது. ‘கருத்த எச்சவுரு’, ‘வெளுத்த எச்சவுரு’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

விளக்கக் குறிப்பில் சோதனையையும் சேர்ப்போம். தாளின் உச்சியில் 2 செ.மீ. உயரத்துக்கு நான்கு நிறக் கட்டங்கள், கீழே முழுக்க 30 விழுக்காடு சாம்பல். கட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எச்சவுருவின் மேல்விளிம்பு வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். அந்த இடைவெளி உருளையின் சுற்றளவு: 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் ஏறத்தாழ 75 மி.மீ., 30 என்றால் 94. டெவலப்பர் ரோலருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். அது டிரம்மைவிட வேகமாகச் சுழல்வதால் இடைவெளி அதன் சுற்றளவைவிடக் குறையும். 16 மி.மீ. ரோலர் 1.25 மடங்கு வேகத்தில் சுழன்றால் 50 அல்ல, 40 மி.மீ.தான்.

ஒரே நிறத்தில் மட்டும் வந்தால் அந்த நிறத்தின் டிரம்மோ டெவலப்பரோ. எல்லா நிறத்திலும் ஒரே இடைவெளியில் வந்தால் ஃபியூசரைப் பார்க்க வேண்டும். உறுதிசெய்ய, தாளின் முன்விளிம்பு ஃபியூசருக்குள் நுழைந்ததும் கதவைத் திறந்து நிறுத்தி, சூடு ஆறியபின் தாளை மெல்ல உருவ வேண்டும். ஃபியூசருக்குள் போகாத பகுதியில் டோனர் விரல் பட்டாலே கலையும் தூளாக இருக்கும். அந்தத் தூளிலேயே எச்சவுரு இருந்தால் ஃபியூசர்மேல் பழி இல்லை.

---

ஏற்கிறேன், ‘எச்சவுரு’வே இருக்கட்டும். ஒன்று சேர்க்க வேண்டும்: ஃபியூசர் என்று தெரிந்ததும் அதைக் கழற்றி மாற்றச் சொல்லிவிடக் கூடாது. முதலில் தாள்வகை அமைப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) அட்டையை ‘சாதாரணத் தாள்’ என்று வைத்து ஓட்டினால் சூடு போதாமல் டோனர் உருளையில் ஒட்டும். மெல்லிய தாளுக்குத் ‘தடித்த தாள்’ வைத்தால் சூடு மிஞ்சி ஒட்டும். ஈரம் ஏறிய தாளும் சூட்டை உறிஞ்சிவிடும், புதுக் கட்டைப் பிரித்துப் போட்டுப் பார்க்கட்டும். ஃபியூசரைத் துடைக்கும் கிளீனிங் பேஜை இரண்டு முறை ஓட்டியும் போகாவிட்டால்தான் ஃபியூசரை மாற்ற வேண்டும்.