கால்மன் ஃபில்டர் 6 செ.மீ. என்கிறது, டேப் 70 செ.மீ. என்கிறது: எதை நம்பி வண்டியை நிறுத்துவது?

கேள்வி: கிடங்கு_வண்டி

வணக்கம். ஒரு உதிரிபாகக் கிடங்கில் தானாக ஓடும் வண்டிக்கு இடம் கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். கூரைக்குக் கீழே ஆறு யு.டபிள்யு.பி. ஆங்கர் (ரேடியோ அலை வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் நிலையான கருவி), வண்டி மேல் அவற்றோடு பேசும் ஒரு டேக் (டி.டபிள்யு.1000 சிப்), சக்கரத்தில் சுழற்சியை எண்ணும் என்கோடர். எல்லாம் ஒரு கால்மன் ஃபில்டருக்குள் (ரீடிங்குகளைச் சேர்த்து இடத்தையும் அதன் பிழையளவையும் மதிப்பிடும் கணக்கு) போகிறது. நொடிக்கு 10 ரீடிங்.

திறந்த இடத்தில் குறையே இல்லை. இரும்பு ரேக்குகளுக்கு நடுவே போய் நின்றால்தான் சிக்கல். நின்ற கொஞ்ச நேரத்தில் சிக்மா (ஃபில்டர் மதிப்பிடும் பிழையளவு) 6 செ.மீ. என்று காட்டுகிறது. தரைக்குறியிலிருந்து டேப் பிடித்தால் 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒட்டினாற்போல ஆட்கள் நடக்கும் பாதை. ஆர் மேட்ரிக்ஸை (ரீடிங்கில் எவ்வளவு இரைச்சல் என்று ஃபில்டருக்குச் சொல்லும் எண்கள்) நாலு மடங்கு ஏற்றிப் பார்த்தேன்; சிக்மா பெரிதானது, காட்டும் இடம் மாறவே இல்லை. சராசரித் துல்லியம் எனக்கு முக்கியமில்லை. "வண்டி இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று தைரியமாகச் சொல்ல வேண்டும். அந்த எல்லையை எப்படி எடுப்பது?

பதில்: அலைவரிசை

ரேக் மறைக்கிறது, அவ்வளவுதான். அந்த சிப் ஒவ்வொரு ரீடிங்கிலும் மொத்த சிக்னல் பலத்தையும் முதல் பாதையின் (முதலில் வந்து சேரும் அலையின்) பலத்தையும் தருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 6 டி.பி.க்கு (டெசிபல்) கீழே என்றால் பெரும்பாலும் நேர்ப்பார்வை (அலை தடையில்லாமல் நேரே வருகிறது), 10 டி.பி.க்கு மேல் என்றால் பெரும்பாலும் மறைவு. மறைவு ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பதில்: அளவைக்காரி

தூக்கிப் போட வேண்டாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த 6 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு ரீடிங்கின் பிழையும் தனித்தனி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று ஃபில்டரிடம் சொன்னது நீங்கள். 100 ரீடிங் சேர்ந்தால் பிழை பத்தில் ஒன்றாக வேண்டும். அது சொன்னபடி குறைக்கிறது. ஆனால் ரேக்குக்குப் பின்னால் நிற்கும் டேக்குக்கு அலை நேரே வருவதில்லை, எங்கோ பட்டுத் தெறித்து வருகிறது. 1 நானோநொடி தாமதம் என்றால் 30 செ.மீ. வண்டி அசையாதவரை அதே தெறிப்பு, அதே தாமதம். ஒரே சாட்சியை நூறு முறை கூப்பிட்டுவிட்டு நூறு சாட்சி என்று எழுதிக்கொள்கிறது ஃபில்டர். ஆர்-ஐ எத்தனை மடங்கு ஏற்றினாலும் இது தீராது.

இன்னொன்று: சிக்மாவுக்குள் 68% என்பது ஒரு கோட்டில்தான். தளத்தில் 1 சிக்மா நீள்வட்டத்துக்குள் விழ வாய்ப்பு 39%. 99% வேண்டுமென்றால் 3.03 சிக்மா, அதுவும் பிழை காஸியனாக (மணி வடிவப் பரவலாக) இருந்தால்.

இப்போது அந்தப் பாதி உண்மை. தெறித்து வரும் அலைக்குக் குறுக்கு வழி கிடையாது, எப்போதும் சுற்றித்தான் வரும். ஆங்கர் 8.40 மீ. என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா தாமதத்தை (கருவிக்குள்ளேயே சிக்னல் செலவிடும் நேரத்தை) ஒழுங்காக அளந்து கழித்திருக்கிறீர்கள், மிச்ச இரைச்சல் 30 செ.மீ.யைத் தாண்டாது என்றால், டேக் 8.70 மீ.க்கு அப்பால் இருக்கவே முடியாது. ரேக் மறைத்தாலும் இது மாறாது. ஆங்கரின் உயரத்தைக் கணக்கில் எடுத்துத் தரையில் விழும் வட்டமாக்கிக்கொள்ளுங்கள். "இதைவிடக் கிட்டே இல்லை" என்ற உள்வட்டத்தை மட்டும் நேர்ப்பார்வை உள்ள ஆங்கருக்குப் போடுங்கள். அலைவரிசை சொன்ன 6 டி.பி. கணக்கு அங்கே உதவும். அதுவும் "பெரும்பாலும்"தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆறும் வெட்டிக்கொள்ளும் பகுதிதான் விடை. புள்ளியாக இராது, ஒரு பரப்பாக இருக்கும். அடுத்த ரீடிங்குக்குள் என்கோடர் சொன்னபடி அதை நகர்த்துங்கள், சக்கரம் வழுக்குவதற்கு ஓரத்தை விரியுங்கள். என்கோடரையே நம்ப முடியாவிட்டால் வேகத்தின் உச்சத்தை வைத்து விரியுங்கள்: 1.2 மீ/நொடி வண்டி 0.1 நொடியில் 12 செ.மீ.க்கு மேல் போகாது. பிறகு புது வட்டங்களோடு மறுபடி வெட்டுங்கள். பிழையின் பரவல் தெரியாது, வரம்பு மட்டும் தெரியும் என்று வைத்து 1968-இல் ஷ்வெப்பே என்ற ஆய்வாளர் எழுதிய வழி இது. அவர் நீள்வட்டங்களை வைத்துச் செய்தார். உங்களுக்குத் தரையை 5 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தாலே போதும்; 20 மீ. சதுரத்துக்கு 1,60,000 கட்டம், சாதாரணக் கணினிக்கு ஒரு பாரமே இல்லை.

விமானத்தில் இதை எவ்வளவு கறாராகச் செய்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கும். நம் ககன் அமைப்பை (செயற்கைக்கோள் வழியாக ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் தரும் இந்திய அமைப்பு) வைத்து ஏ.பி.வி.-1 வகையில் (உயரத்துக்கும் வழிகாட்டல் உள்ள இறங்கும் முறை) இறங்கும்போது, கருவி இடத்தோடு ஒரு பாதுகாப்பு எல்லையையும் கணக்கிடுகிறது. கிடையில் 40 மீ., உயரத்தில் 50 மீ. என்பது வரம்பு. எல்லை அதைத் தாண்டினால் அந்த வழிகாட்டலை வைத்து இறங்கக் கூடாது, உண்மைப் பிழை 2 மீ.தான் என்றாலும். உண்மைப் பிழை வரம்பைத் தாண்டியும் எச்சரிக்கை வராமல் போகும் வாய்ப்பு, ஒரு இறக்கத்துக்கு ஒரு கோடியில் இரண்டைத் தாண்டக் கூடாது. உங்கள் வண்டியும் அப்படித்தான்: பரப்பின் ஓரம் ஆட்கள் பாதையின் மஞ்சள் கோட்டைத் தொட்டாலே நிற்க வேண்டும்.

ஆட்களைக் காப்பதை மட்டும் இதன் தலையில் கட்டாதீர்கள். அதற்கு வண்டி முன்னால் பாதுகாப்பு லேசர் ஸ்கேனர் வேண்டும்.

கிடங்கு_வண்டி

அக்கா, கட்டங்கள் போட்டுப் பார்த்தேன். உண்மையான இடம் பரப்புக்குள் வருகிறது! ஆனால் ரேக் சந்துக்குள் பரப்பு நீளவாக்கில் 1.9 மீ., குறுக்கே 40 செ.மீ. அத்தோடு சில இடங்களில் வெட்டிக்கொள்ளும் பகுதியே இல்லாமல் காலியாக வருகிறது. வட்டத்தைப் பெரிதாக்கிவிடவா?

அளவைக்காரி

காரணம் தெரியாமல் பெரிதாக்காதீர்கள். காலியாக வருவது உங்களுக்குக் கிடைத்த நல்ல தகவல்: வைத்த அனுமானங்களில் ஒன்று உடைந்திருக்கிறது. உள்வட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். காலி மறைந்தால், தெறித்த அலை ஒன்றை நேர்ப்பார்வை என்று நம்பியிருக்கிறீர்கள். மறையவில்லை என்றால் தெறிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆங்கர் இருக்கும் இடத்தின் அளவையும் ஆன்டெனா தாமதத்தையும் மறுபடி எடுங்கள்.

ஓட்டத்தின் நடுவில் சமாளிக்க, ஆறில் ஐந்து ஆங்கராவது ஒத்துக்கொள்ளும் கட்டங்களை எல்லாம் வைத்துக்கொள்ளலாம். பரப்பு கொஞ்சம் பெரிதாகும். ஒரே நேரத்தில் இரண்டு ஆங்கர் தப்பினால் இந்த உறுதியும் போய்விடும், அதை எழுதி வையுங்கள்.

மஞ்சள் கோடு சந்துக்கு இணையாகத்தானே போகிறது? அப்படியானால் குறுக்கே உள்ள 40 செ.மீ.தான் உங்களுக்கு முக்கியம். நீளத்தைக் குறைக்க சந்தின் இரு முனையிலும், உள்ளே நேராகப் பார்க்கும்படி ஒவ்வொரு ஆங்கர் வையுங்கள்.

பதில்: டோட்டல்_ஸ்டேஷன்

சோதனை பற்றி ஒன்று. உண்மையான இடத்தைச் சர்வே கருவியால் எடுங்கள், டேப் போதாது. 300 இடங்களில் ஒன்றுகூடப் பரப்புக்கு வெளியே விழவில்லை என்றால், தவறும் விகிதம் 1%க்குக் கீழ் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம் (3-ஐ 300-ஆல் வகுத்தது). இடங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி 300 ரீடிங் எடுத்தால் அது ஒரு சோதனைதான். ரேக் நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடுங்கள், தெறிப்பு முழுக்க மாறும்.