பதிவுச் சான்று காலமானவர் பெயரில் இருக்கும் பழைய ஃபைபர் படகை வாங்கலாமா? (வெர்சோவா, மும்பை)

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் கரையோரமாகச் சென்று தூண்டில் போடுவதற்காக, பழைய படகு ஒன்றை வாங்க விரும்புகிறோம். வெர்சோவாவில் 23 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உடல் உறுதியாக இருக்கிறது, விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் காகிதங்கள்தாம் முழுமையாக இல்லை.

மீன்வளத்துறைப் பதிவில் அது மீன்பிடிப் படகாக வேறொருவர் பெயரில் இருக்கிறது; அவர் காலமாகிவிட்டார். இப்போது விற்பவரிடம் இருப்பது, அந்தப் பெரியவர் உயிரோடு இருந்தபோது மராத்தியில் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு கைச்சீட்டு. அதில் விலையும் தேதியும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் உள்ளன. அசல் பதிவுச் சான்று தொலைந்துவிட்டது என்று கூறி நகலை மட்டுமே காட்டுகிறார். நகலில் 40 குதிரைத்திறன் எஞ்சின் என்று இருக்கிறது. படகில் பூட்டியிருப்பதோ 60. அணியத்தில் (படகின் முன்பகுதியில்) எழுதியிருக்கும் 'ஐஎன்டி-எம்எச்' பதிவு எண்ணை உற்றுப் பார்த்தபோது, புதுப் பெயின்டுக்கு அடியில் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாக இருந்ததைப் போலத் தடம் தெரிந்தது.

இடையில் நிற்கும் தரகர் வேறொரு வழி சொல்கிறார். ஒரு பட்டறையில் புதுப் படகு கட்டியதாகச் சான்று வாங்கி, எங்கள் பெயரிலேயே புதிதாகப் பதிந்துவிடலாம், பழைய கதையெல்லாம் தேவையில்லை என்கிறார். எது சரியான வழி என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாட்டுங்கா வழக்கறிஞர் எழுதியது:

தரகர் சொன்ன வழியை முதலில் விலக்கிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் குறைகளையும் சரிசெய்ய இடமுண்டு, அதற்கு மட்டும் இல்லை. கட்டாத படகைக் கட்டியதாகச் சான்று வாங்கி அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்வது பொய் ஆவணத்தைப் பயன்படுத்தும் குற்றம். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள் என்பதால் வழக்கும் உங்கள் மீதுதான் வரும், தரகர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. 2008 நவம்பர் தாக்குதலில் பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் இந்தக் கடற்கரையை நெருங்கினார்கள். அதன்பின் மீன்பிடிப் படகுப் பதிவு விதிகள் இறுக்கப்பட்டன. ஒரு படகின் அடையாளத்தை மாற்றுவது மும்பையில் வெறும் அலுவலகத் தவறாகப் பார்க்கப்படாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்பதும், படகு யாருக்குச் சொந்தம் என்பதும் நெருங்கிய தொடர்புடையவை என்றாலும் ஒன்றல்ல. பதிவு என்பது உரிமைக்கு வலுவான சான்று. உரிமை கைமாறியதா என்பதை உங்கள் படகைப் பொறுத்தவரை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைக் கொண்டே பார்க்க வேண்டும். அந்தச் சட்டப்படி விற்பனை ஒப்பந்தம் எழுத்தாகவும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம். ஆகவே அந்த மராத்தி கைச்சீட்டு செல்லாக் காகிதம் அல்ல. பெரியவர் உண்மையிலேயே அதை எழுதிக் கொடுத்து, பணம் பெற்று, படகை ஒப்படைத்திருந்தால், அன்றே உரிமை விற்பவருக்கு வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. எனவே அந்தச் சீட்டு உண்மையானது என்று நிரூபிக்க முடியுமா என்பதுதான் உங்கள் பணத்தின் கதியைத் தீர்மானிக்கும்.

எழுதியவர் இன்று இல்லாததால், அவருடைய வாரிசுகள் அனைவரும் சேர்ந்து "இந்த விற்பனை நடந்தது உண்மை, எங்களுக்கு இந்தப் படகில் உரிமை ஏதும் இல்லை" என்று உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்றை நோட்டரி முன் எழுதித் தருவதே நடைமுறையில் நல்ல மருந்து. அதில் படகின் பதிவு எண், நீளம், எஞ்சின் எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் உயிரோடு இருந்தால் அவர்களிடமும் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். பழைய பரிமாற்றத்துக்கு வங்கிக் கணக்கில் ஏதேனும் தடயம் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும் கேளுங்கள். தொலைந்த அசல் சான்றுக்குக் காவல் துறையில் புகார் பதிந்து, அந்தப் புகார் ரசீதுடனும் இழப்பீட்டு உறுதிப் பத்திரத்துடனும் மாற்றுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர்கள் வாரிசுகளும் விற்பவரும், நீங்கள் அல்ல. மகாராஷ்டிராவில் 2024 அக்டோபரிலிருந்து இத்தகைய பத்திரங்களுக்கு 100 ரூபாய் முத்திரைத்தாள் போதாது. 500 ரூபாய்த் தாள் வாங்குங்கள்.

மும்பையில் ஃபிளாட் வாங்கும்போது செய்வதைப் போல ஒரு மராத்தி நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு வாரம் இடம் விடுவதையும் நான் வலியுறுத்துகிறேன். படகுக்கு இவ்வளவு தேவையா என்று பலர் கேட்பார்கள். தேவைதான், ஏனெனில் நிலத்துக்கு இருப்பதைப் போல முந்தைய பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று படகுக்குக் கிடையாது.

பாவுச்சா தக்கா எஞ்சின் பட்டறை எழுதியது:

அண்ணாச்சி, வக்கீல் ஐயா காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்; நான் படகைப் பற்றிச் சொல்கிறேன். கன்னியாகுமரிக்காரனான எனக்கு இந்தத் துறைமுகத்தில் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு.

40 என்று சான்றிலும் 60 என்று படகிலும் இருப்பதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினை மாற்றுவது சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் அந்த 60க்குத் தனியாகப் பில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்றால் வியாபாரியின் பில்லில் அதன் வரிசை எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாக இறக்குமதி செய்தது என்றால் சுங்கத்துறையின் இறக்குமதிச் சீட்டும் வேண்டும். எஞ்சினைப் படகின் பின்பலகையோடு பூட்டும் பிடியின் பக்கவாட்டில் ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும், வரிசை எண் அதில்தான். பல எஞ்சின்களில் மூடியைக் கழற்றினால் எஞ்சின் கட்டையிலும் அதே எண் பொறித்திருக்கும். தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தாலோ, தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தாலோ அந்த எஞ்சினைத் தொடாதீர்கள். உடலை மட்டும் விலை பேசுங்கள்.

பெயின்டுக்கு அடியில் வேறு இலக்கம் தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் தவறாக எழுதித் திருத்தியிருக்கலாம், ஒரு படகின் எண்ணை இன்னொரு படகுக்குப் போட்டும் இருக்கலாம். நுண்ணிய உப்புத்தாளை ஈரப்படுத்தி மெதுவாகத் தேய்த்தால் அடியில் இருப்பது முழுவதும் வெளிவரும். விற்பவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். அவர் மறுத்தால் அதுவே பதில். பிறகு டேப் வைத்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து சான்றின் நகலோடு ஒப்பிடுங்கள். ஃபைபர் படகு ஓர் அச்சில் வார்ப்பது, நீளம் தானாக மாறாது. வெளிநாட்டில் செய்த உடல் என்றால் பின்பலகையின் வலப்பக்க மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி இருக்கும் (நாட்டுக் குறியீடும் சேர்ந்தால் 14). நம் ஊர்ப் பட்டறைப் படகுகளில் பெரும்பாலும் அது இருக்காது, கட்டியவர் தரும் சான்றுதான் இருக்கும்.

இன்னொன்று, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கரையில் பல படகுகள் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்தின் கடனில், சங்கத்தின் வழியாக வாங்கப்பட்டவை. கடன் தீராமல் ஆள் இறந்துவிட்டால் படகின் மீதுள்ள பாக்கி அப்படியே நிற்கும். சங்கத்திடமிருந்து பாக்கி இல்லை என்று முத்திரையுடன் எழுத்தில் வாங்குங்கள். கரையில் நின்று சொல்லும் வாய்மொழி போதாது.

செம்பூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தரகரின் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். விற்பவரிடம் வாரிசுகளைப் பற்றிக் கேட்டபோது, பெரியவரின் மனைவியும் மகனும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள் என்றும், அதுவே போதும் என்றும் சொன்னார். திருமணமாகி அலிபாகில் இருக்கும் ஒரு மகளும், பெரியவரின் வயது முதிர்ந்த தாயாரும் இருப்பதாகப் பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தருவதைப் போல இங்கே வாரிசுச் சான்று கிடைக்குமா? மேலும், மீன்பிடிப் பதிவில் இருக்கும் படகைச் சொந்த உல்லாசத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா?

மாட்டுங்கா வழக்கறிஞர் எழுதியது:

அந்தத் தாயாரைக் கேட்டறிந்தது மிக நல்லது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. மகளுக்குத் திருமணமானது இதில் எந்த மாற்றத்தையும் செய்யாது. ஆகவே நால்வரும் கையெழுத்திட வேண்டும். இங்கே இரண்டு கையெழுத்து என்பது பாதி உரிமைக்கான ஒப்புதல் மட்டுமே. குடும்பம் கிறிஸ்தவர்களாக இருந்தால் (உத்தன், மனோரி பக்கத்துக் கோலி மீனவர்களில் பலர் அப்படி) 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அப்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகள் இருக்கையில் தாய்க்குப் பங்கில்லை. இதைக் குடும்பத்தாரிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு வட்டாட்சியர் சான்றுக்கு நிகரானதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மகாராஷ்டிராவில் 1827ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறை 8இன் கீழ் நீதிமன்றத்தில் மனு செய்து வாரிசு என்ற அங்கீகாரச் சான்று பெறலாம். பலர் வாரிசுரிமைச் சான்று என்று வேறொன்றைச் சொல்வார்கள். அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன் தொகைகளுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் உரியது, படகுக்கு உதவாது. நால்வரும் ஒத்துழைத்து, பதிவு அலுவலகமும் அவர்களுடைய பத்திரத்தை ஏற்குமானால் நீதிமன்றச் சான்றுக்குப் போகாமலேயே முடியலாம். யாராவது ஒருவர் மறுத்தால், தமக்கே உரிமை என்று அறிவிக்கக் கோரி 1963ஆம் ஆண்டின் தனித்தீர்வுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் விற்பவர் வழக்குத் தொடர வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அந்த வழக்கை உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு வாங்குவதைவிட வேறு படகு பார்ப்பது நல்லது.

பல்லார்ட் எஸ்டேட் எழுதியது:

உல்லாசப் பயன்பாடு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கடல்சார் வாரியத்துக்கான விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் பணியில் இருக்கிறேன். மீன்பிடிப் படகுகள் மீன்வளத்துறையின் பதிவேட்டில் இருப்பவை. தனியார் உல்லாசப் படகும் பயணிகள் படகும் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இன் கீழ் மகாராஷ்டிரக் கடல்சார் வாரியத்திடம் பதிவாகின்றன. வெர்சோவா, வாரியத்தின் பாந்த்ரா துறைமுகக் குழுவைச் சேர்ந்தது. ஒரே கலம் இரண்டு பதிவேடுகளில் இருக்கக் கூடாது என்பதால், முதலில் மீன்வளத்துறையில் வாரிசுகள் வழியாக உரிமையை நேர்செய்து, மீன்பிடி உரிமத்தையும் பதிவையும் ரத்து செய்து, அந்த ரத்து உத்தரவுடன்தான் வாரியத்துக்கு வர வேண்டும். அதன்பின் கலங்களை ஆய்வு செய்யும் சர்வேயர் உடல், எஞ்சின், உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றைப் பார்த்துச் சான்று தருவார். எஞ்சின் பில் இல்லாத விண்ணப்பம் இந்தக் கட்டத்தில்தான் சிக்கும், ஆகவே பட்டறைக்காரர் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள்.

சான்றில் கலம் எந்த நீர்ப்பரப்பில் செல்லலாம் என்பது குறிக்கப்படும். அலையின் உயரத்தை வைத்து மண்டலம் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள். முதல் மண்டலத்துக்கு 2 மீட்டர் வரை, இரண்டாவதுக்கு 1.2 மீட்டர் வரை, மூன்றாவதுக்கு 0.6 மீட்டர் வரை. நீங்கள் போக நினைக்கும் இடம் உங்கள் படகுக்குக் கிடைக்கக்கூடிய மண்டலத்துக்குள் வருகிறதா என்று வாங்கும் முன்பே ஒரு சர்வேயரிடம் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. முன்பணம் சிறிதாக இருக்கட்டும். நால்வரின் பத்திரம், சங்கத்தின் பாக்கியின்மைக் கடிதம், பதிவு ரத்து உத்தரவு ஆகிய மூன்றும் குறித்த தேதிக்குள் கைக்கு வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அதுவரை படகும் விற்பவரின் பொறுப்பிலேயே வெர்சோவாவில் இருக்கட்டும்.